வகிடு அகலும்போது தடவும் மருந்து

ஒரு நாளில் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டினாலும், அது பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாக அடங்கிவிடும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் விடுதியில் தங்கி ஷிஃப்ட் வேலை பார்க்கும் பெண்களுக்கு முதல் சந்தேகம் போர் தண்ணீர்மேல்தான் விழும். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், நடுவில் ஒடிக்கும். வேரோடு உதிர்ந்தால் ரத்தசோகையையும் தைராய்டையும்தான் முதலில் சோதிக்க வேண்டும்; திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் காட்டுவது நல்லது.

வகிடு வரவர அகலும் வகைக்குக் கைகொடுப்பது மினாக்சிடில். ரத்த அழுத்த மாத்திரையாக வந்து, முடி வளர்த்த பக்கவிளைவால் தலைக்கு ஏறிய மருந்து இது. பெண்களுக்கான 2 சதவீதக் கரைசலுக்கு அமெரிக்கா 1991இல் அனுமதி தந்தது. ஈரமில்லாத தலையில் வகிடு பிரித்து, 1 மி.லி. கரைசலை முடியில் அல்லாமல் தோலில் படும்படி விட்டு, விரல் நுனியால் பரப்ப வேண்டும். நெற்றியில் வழிந்தால் முகத்தில் ரோமம் முளைக்கலாம். முதல் சில வாரங்களில் உதிர்வு கூடவே செய்யும். பயந்துபோய் அப்போதே பாட்டிலை மூடிவைப்பவர்களுக்குத்தான் நஷ்டம். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் பிடிக்கும். நிறுத்தினால் சில மாதங்களில் பழைய நிலைதான். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இதைத் தொடக்கூடாது.