புதிய கருவிழியும் பழைய நோயும்

கருவிழி மாற்று அறுவை முடிந்து கட்டு அவிழ்த்த அன்று, "நோய் தொலைந்தது" என்று குடும்பத்தார் மகிழ்வது இயல்பே. ஆயினும் பெற்ற கொடையைக் காக்கும் கடமை அன்றுதான் தொடங்குகின்றது. இதனை அறியாமையால், வந்த பார்வையை மீண்டும் இழப்போர் உளர்.

கண்ணின் முன்புறத்தில் கடிகாரக் கண்ணாடிபோல் அமைந்த தெளிந்த படலத்தையே மருத்துவர்கள் கருவிழி என்கின்றனர். அதன் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். சில குடும்பங்களில் மரபணுக் குறையினால் அதில் வேண்டாத பொருள்கள் சிறுகச் சிறுகப் படிகின்றன. புள்ளி புள்ளியாகப் படிவதும், வலைபோல் படர்வதும், படலம் முழுவதும் மங்கிப்போவதும் உண்டு. பார்வை மிகவும் குன்றியபின், இறந்தவர் அளித்த தெளிந்த படலத்தை வைத்துத் தைப்பர். 1905-ஆம் ஆண்டு மொராவியாவில் எடுவர்டு சிர்ம் என்னும் மருத்துவர் இவ்வறுவையை முதன்முதலில் வெற்றியுடன் செய்தார்.

அவ்வாறு மாற்றிய பின்னும் நோய் திரும்புவது ஏன்? நடுவில் வட்டமான ஒரு பகுதியையே மாற்றுகின்றனர். சுற்றியுள்ள விளிம்பு நோயாளியின் சொந்தப் படலமே. புதிய பகுதியின் மேற்பரப்பை நாளடைவில் மூடும் உயிரணுக்கள் அவ்விளிம்பிலிருந்தே வருகின்றன. பழைய குறையையும் உடன் கொணர்கின்றன. ஆகவே புள்ளி வகையிலும் வலை வகையிலும் சில ஆண்டுகளில் மீண்டும் படிவுகள் தோன்றலாம். மங்கல் வகையில் இது அரிது; காலம் தாழ்ந்தே தோன்றும். மேலாகப் படிந்தவற்றை லேசர் கதிரால் அகற்றலாம். தேவைப்படின் மீண்டும் கருவிழி மாற்றலாம்.

இது கண் கொடுத்தவரின் குறையன்று. எவருடைய பாவத்திற்கும் தண்டனையுமன்று. பிறவிக் குருடனைப் பற்றிச் சீடர்கள் இவ்வாறு ஐயுற்றபோது நம் ஆண்டவர் அதனை மறுத்ததை யோவான் நற்செய்தி 9-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம்.

நோய் திரும்புவதினும் விரைந்து கேடு செய்வது ஒன்று உண்டு. பிறருடைய படலத்தை உடல் அந்நியமென எதிர்ப்பதே அது. கண் சிவத்தல், வெளிச்சம் கூசுதல், பார்வை மங்குதல், வலி ஆகிய நான்கில் ஒன்று தோன்றினும் அன்றே மருத்துவரிடம் செல்க. தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலும் அடக்கிவிடலாம். ஆண்டுகள் பல கழிந்தும் இது நேரலாம் என்பதை மறவாதீர். சொட்டு மருந்தைத் தாமாக நிறுத்துவதும் தவறு. தாமாகக் கடையில் வாங்கித் தொடர்வதும் தவறு. ஸ்டீராய்டு மருந்து கண்ணின் உள்ளழுத்தத்தை உயர்த்தவும் புரை வளர்க்கவும் வல்லது. தையல் தளர்ந்து உறுத்தினால் அவ்வழியே கிருமி புகும், காலம் தாழ்த்தலாகாது.

பெற்றோருக்கு ஒரு சொல். ஒரு பிள்ளைக்கு இந்நோய் காணப்பட்டால் உடன்பிறந்தோரின் கண்களையும் சோதிக்கச் செய்க. மங்கல் வகை, தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறை வந்து சேர்ந்தாலே தோன்றும். இருவரும் அக்குறையைத் தாங்கியிருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நெருங்கிய உறவில் மணம் முடிப்போரிடையே இவ்வாறு நேரும் வாய்ப்பு மிகுதி. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என உறவில் மணம் பேசுவோர், திருச்சபைச் சட்டம் விதிக்கும் தடையை வெறும் காகித வேலையாகக் கருதி, விலக்குக் கோரிப் பங்குக் குருவிடம் விரைதல் நன்றன்று. குடும்பத்தில் இந்நோய் உண்டாயின் முதலில் மருத்துவரைக் கலந்து சிந்தியுங்கள்.

கருவிழி கிடைத்தாலன்றி இவ்வறுவை நிகழாது. போரில் ஊனமுற்ற சிறுவர்களைப் பேணிய இத்தாலியக் குருவானவர் கார்லோ ஞோக்கி 1956 பிப்ரவரி 28-இல் இறந்தபோது, அவர் விரும்பியவாறே அவருடைய கருவிழிகள் பார்வையற்ற இளையோர் இருவருக்குப் பொருத்தப்பட்டன. அதே ஆண்டு மே மாதத்தில், பாப்பானவர் பன்னிரண்டாம் பத்திநாதர் இறந்தோரின் கருவிழியை அளிப்பது முறையே என்று தெளிவுறுத்தினார். 2009-இல் ஞோக்கி அடிகளார் அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டார்.

நம் இல்லத்தில் இறப்பு நேரின், இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, 6 மணி நேரத்திற்குள் கண்கள் எடுக்கப்படும்படி உடனே கண் வங்கிக்கு அறிவிப்போம். கொடை பெற்றோரோ, அதனை நாள்தோறும் விழிப்புடன் காத்து, கொடுத்தவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காகச் செபிப்பார்களாக.