தம்புள்ளைக் குகையில் நாயக்க மன்னன்

கலேவெலவிலிருந்து குருநாகல் வீதி வழியே தம்புள்ளைக்குச் செல்வது சிறு பயணமே. முன்னொருகால் நாம் மாணாக்கர் சிலரை அங்குள்ள குகை விகாரைகளுக்கு அழைத்துச் சென்றோம். மூன்றாம் குகையிலே புத்தர் சிலைகளினிடையே முடியணிந்த மன்னன் ஒருவனின் சிலை நிற்கக் கண்டோம். அவன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். தமிழகத்திலிருந்து வந்த நாயக்கர் குலத்தவன் என்று கூறினோம். உடனே ஒரு மாணவன், "அப்படியானால் இவர் நம்மவரா, அவர்களுடையவரா, ஐயா?" என வினவினான். அவ்வினாவுக்கு விடை காண வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

கண்டி மன்னர் பட்டத்தரசியரை மதுரையிலிருந்து வரவழைத்தல் வழக்கமாயிருந்தது. நரேந்திரசிங்கன் 1739இல் பட்டத்தரசிவழி மகப்பேறின்றி இறந்தான். மற்றொரு மனைவிவழி வந்த உனம்புவே பண்டாரன் என்னும் மகன் இருந்தான். ஆயினும் அரியணை அரசியின் உடன்பிறந்தானாகிய ஸ்ரீ விஜய இராஜசிங்கனுக்கே கிட்டியது. அவனுக்குப்பின் 1747இல் அவன் மைத்துனன் கீர்த்தி ஸ்ரீ முடிசூடினான்.

இவன் பௌத்தத்துக்கு ஆற்றிய தொண்டு பெரிது. அருகிப்போன உபசம்பதையை மீட்கச் சீய தேசத்துக்குத் தூதனுப்பினான். 1753இல் உபாலி தேரர் வந்து அதனை நிலைநாட்டினார். வெலிவிட்ட சரணங்கர தேரர் சங்கராஜர் ஆனார். தம்புள்ளைக் குகைகளும் இவன் காலத்தில் புதுப்பிக்கப்பெற்றன.

அத்தகைய மன்னனையே 1760இல் கொல்லச் சதி செய்தனர். அவன் திருநீறணிவதை விடவில்லை என்பது சாட்டிய குற்றம். சமணக்கொடி அதிகாரம் முதலிய தலைவரும் மல்வத்தை விகாரைப் பிக்குமார் சிலரும் அதிற் சேர்ந்தனர். மன்னன் அமரும் ஆசனத்தின் கீழே குழி தோண்டிக் கூரிய முளைகளை நட்டனர் என்பர். மறைவு வெளிப்பட்டது. சமணக்கொடி உயிரிழந்தான், சங்கராஜரும் சிறைப்பட்டுப் பின்னர் விடுதலை பெற்றார்.

ஈண்டு ஒன்றைக் கருதுதல் வேண்டும். சதிகாரர் அரியணையில் ஏற்ற எண்ணியது சிங்களவர் ஒருவரையன்று. சீய நாட்டு இளவரசன் ஒருவனையே. அயலான் என்பதே குறையாயின் அவனும் அயலானன்றோ? அவர்கள் நாடியது பௌத்த மன்னனை. பிக்குமார் சிலரின் மனக்குறை மெய்யாகவே சமயம் பற்றியதாயிருக்கலாம். ஆனால் அரசவையில் நாயக்க உறவினர் பெற்ற செல்வாக்கைத் தலைவர் சிலர் பொறுத்திலர் என்பதும் மறுக்கவொண்ணாதது. அதிகார ஆசைக்குத் திருநீறு ஏற்ற காரணமாய் அமைந்தது.

1815 மார்ச் 2ஆம் நாள் எழுதப்பட்ட கண்டி உடன்படிக்கையோ பௌத்தத்தைக் காப்பதாக உறுதியளித்தது. அதேவேளை 'மலபார்' இனத்தார்க்கு அரியணை உரிமை இல்லையென ஒரேயடியாக விலக்கியது. 1760இல் நீறு பற்றி எழுந்த வழக்கு 55 ஆண்டுகளில் பிறப்பைப் பற்றியதாகி எழுத்திலேறியது. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் 1832இல் வேலூரிற் சிறையிருந்தே இறந்தான். அரசுரிமை வேட்கை மட்டும் அடங்கவில்லை. அரச குலத்தவன் எனக் கூறிக்கொண்ட கொங்காலேகொட பண்டா, ஆங்கிலேயருக்கெதிரான கிளர்ச்சியில், 1848 ஜூலையில் இதே தம்புள்ளை விகாரையில் முடிசூட்டப்பெற்றான்.

எனவே அம்மாணவனுக்கு நாம் கூறியது இதுவே: "தம்பி, கீர்த்தி ஸ்ரீயைக் கொல்ல நினைத்தோரும் உன் வினாவைத்தான் வேறு சொற்களில் வினவினர். நெற்றியில் நீறும், கையில் விகாரைத் திருப்பணியும் ஒருவனிடம் ஒருங்கே இருத்தல் கூடும். அவன் சிலையை அகற்றாது இன்றளவும் வைத்திருப்போர் அவ்விகாரைப் பிக்குமாரே."

மாணவன் ஒன்றும் கூறவில்லை. திரும்புமுன் மீண்டும் அச்சிலையருகே சென்று சிறிது நேரம் நின்றான். நம் கல்லூரியின் இளையோர் தம்புள்ளை செல்லுங்கால் அம்மூன்றாம் குகையிற் சற்றே தங்கிவருவாராக.