அபாயாவும் ஹெல்மெட்டும்

எங்கள் ஊர்ப் பக்கம் ஸ்கூட்டி இல்லாத வீடு குறைவு. ஆசிரியைகள் பாடசாலைக்குப் போவதும், உம்மாமார் பிள்ளைகளை மத்ரஸாவிலிருந்து கூட்டி வருவதும், உயர்தர வகுப்பு மாணவிகளாகிய நாங்கள் அஸருக்குப் பிறகு டியூஷனுக்குப் போவதும் அதில்தான். ஆனால் மோட்டார் சைக்கிளுக்கென்று விற்கும் பாதுகாப்பு உடைகளைப் பார்த்தால் தோல் ஜாக்கெட்டும் இறுக்கமான காற்சட்டையும்தான். எங்களை நினைத்து யாரும் அவற்றைத் தைக்கவில்லை. அபாயாவும் ஹிஜாபும் அணிந்து போகிற ஒருவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று தமிழில் எழுதப்பட்ட ஒன்றையும் நான் வாசித்ததில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் துணி. இரண்டு வருடங்களுக்கு முன் என் சாச்சி கல்முனை வீதியில் ஸ்கூட்டியோடு விழுந்தார். எந்த வாகனமும் மோதவில்லை. அபாயாவின் ஓரம் பின் சில்லுக்குள் போய்விட்டது. காறை எலும்பு முறிந்தது. பின்னால் பஸ் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் “பொம்புளைகளுக்கு ஸ்கூட்டி வேணாம்” என்ற பேச்சு எழுந்துவிட்டது. சாச்சி வேலை செய்வது பஸ் ஒழுங்காகப் போகாத ஒரு கிராமத்தில். மாதக்கணக்கில் ஆட்டோவுக்குக் கொடுத்தே சம்பளம் கரைந்தது. “ஸ்கூட்டில பிழை இல்ல புள்ள, உடுப்பு தொங்கின விதத்துலதான் பிழை” என்று அவரே சொன்னார். அவர் சொன்னது சரிதானா என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஸ்கூட்டியின் சில்லு சிறியது. டயரோடு சேர்த்து விட்டம் ஏறத்தாழ 43 சென்ரிமீற்றர். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் அது ஒரு செக்கனுக்கு எட்டுத் தடவை சுற்றுகிறது. சில்லின் நடுக் குடம் 10 சென்ரிமீற்றர் விட்டம் என்று வைத்துக்கொண்டால், அதில் சிக்கிய துணி செக்கனுக்கு இரண்டரை மீற்றர் வீதம் சுருட்டப்படும். நாங்கள் போடும் ஷோலின் நீளம் இரண்டு மீற்றருக்கும் குறைவு. பிரேக்கைப் பிடிக்க வேண்டும் என்று மூளை நினைப்பதற்கும் கை அழுத்துவதற்கும் இடையில் அந்த ஷோல் முழுவதும் உள்ளே போய்விடும். அதன் மறுமுனை கழுத்தைச் சுற்றியிருந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அமெரிக்க நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927இல் பிரான்ஸின் நீஸ் நகரில் இறந்தது இப்படித்தான். காரில் போகும்போது அவரது நீண்ட கழுத்துத் துணி சில்லில் சுற்றிக்கொண்டது.

ஆகவே ஸ்கூட்டிக்கென்று ஓர் அபாயாவை ஒதுக்கி வைப்பது நல்லது. விளிம்பு கணுக்காலுக்கு மேலே வராமலும் நிலத்தில் இழுபடாமலும் இருக்க வேண்டும். கை அகலமாகத் தொங்காமல் மணிக்கட்டில் இலாஸ்டிக் வைத்திருக்க வேண்டும். அகன்ற கை பிரேக் லீவரில் மாட்டும். ஷோலின் இரு முனைகளும் அபாயாவுக்குள்ளே போக வேண்டும். உள்ளே தடித்த டெனிம் காற்சட்டை அணிந்தால் பின்னால் இருப்பவரும் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரலாம். ஒருபக்கமாக உட்காருவதுதான் அடக்கம் என்று மூத்தவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் அப்படி உட்காரும்போது பிடிமானம் குறைவு. ஒரு குழியில் ஏறி இறங்கினாலே பின்பக்கமாகச் சரிய வேண்டிவரும். காற்சட்டைக்கு மேல் அபாயா இருக்கும்போது அடக்கத்துக்கு என்ன குறை? மோட்டார் சைக்கிளின் பின் சில்லோரம் இருக்கும் சாரி காட்டை, அழகில்லை என்று கழற்றி வைத்திருக்கும் நானாமாரிடமும் ஒன்று கேட்க வேண்டும்: உங்கள் உம்மா எதில் ஏறுவார்?

டெனிம் என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 40 கிலோமீற்றர் வேகத்தில் விழுந்தவர், உடலுக்கும் வீதிக்கும் இடையிலான உராய்வுக் குணகத்தை 0.6 என்று எடுத்தால், ஏறத்தாழ 10 மீற்றர் தூரம் தேய்ந்துகொண்டு போவார். அபாயாக்கள் பெரும்பாலும் பொலியெஸ்டர் துணியில் தைக்கப்படுகின்றன. மெல்லிய பொலியெஸ்டர் காபட் வீதியில் உரசும்போது கிழிவதோடு நிற்காது, சூட்டில் உருகித் தோலிலும் ஒட்டும். டெனிமும் மோட்டார் சைக்கிள் உடுப்புக்கு ஈடாகாது, ஆனால் எங்கள் வெயிலில் தோல் ஜாக்கெட் போடச் சொன்னால் யாரும் இரண்டாம் நாள் போடமாட்டார்கள். போடக்கூடியதைச் சொல்வதுதான் பயன்.

இனி ஹெல்மெட். வெளியே இருக்கும் கடினமான ஓட்டைப் பார்த்துத்தான் நாங்கள் நிறத்தைத் தெரிவு செய்கிறோம். உயிரைக் காப்பாற்றுவது உள்ளே இருக்கும் ரெஜிபோம். மீன் பெட்டி செய்யும் அதே வகைப் பொருள்தான், அதைவிட அடர்த்தியானது. பௌதிகவியல் படிப்பவர்களுக்குக் கணத்தாக்கு நினைவிருக்கும். உந்தம் பூச்சியமாவதற்கு எடுக்கும் நேரம் கூடினால் விசை குறையும். ரெஜிபோம் நசுங்கி அந்த நேரத்தை மண்டையோட்டுக்கு வாங்கிக் கொடுக்கிறது. நசுங்கியது மீண்டும் எழும்பாது. அதனால் ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல் இல்லாவிட்டாலும், இனி உதவாது. யாரோ பாவித்த ஹெல்மெட்டை மலிவாக வாங்கக்கூடாது என்பதும் இதனால்தான்.

இந்த அறிவுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ‘அரேபியாவின் லோரன்ஸ்’ என்று அறியப்பட்ட ஆங்கிலேய அதிகாரி 1935இல் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவரான ஹியூ கெய்ன்ஸ் பின்னர் மோட்டார் சைக்கிளோட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, ஹெல்மெட்டின் அவசியம் பற்றி 1941இல் எழுதினார். பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008இல் வந்த ஒரு மதிப்பீடு, ஹெல்மெட் இறப்பு அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்கிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்றுத்தந்த மார்க்கத்தில் இருந்துகொண்டு, “பக்கத்துலதானே போறம்” என்று ஹெல்மெட்டைக் கைப்பிடியில் தொங்கவிடுவது எனக்கு விளங்கவில்லை.

எங்களுக்கான பிரச்சினை ஹிஜாப். ஹெல்மெட் வாங்கப் போகும்போது வழமையாக அணியும் ஹிஜாபோடு போய்ப் போட்டுப் பாருங்கள். தடித்த துணியை மூன்று சுற்றுச் சுற்றினால் பெரிய அளவு தேவைப்படும். மறுநாள் மெல்லிய துணி கட்டினால் அதே ஹெல்மெட் ஆடும். அதனால் ஸ்கூட்டிக்கு எப்போதும் ஒரே வகையான, ஊசி தேவைப்படாத மெல்லிய ஹிஜாபே சரி. ஹெல்மெட்டுக்குள்ளே குண்டூசி, புரூச், உயர்ந்த கொண்டை மூன்றும் கூடாது. கொண்டையைத் தாழ்த்திப் பிடரியில் போடுங்கள். வாரை மாட்டிய பிறகு, பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அந்த அளவு வேண்டாம். தாடைக்கும் வாருக்கும் இடையில் இரண்டு விரல் போகலாம், அதற்கு மேல் இடம் இருக்கக்கூடாது. இலங்கைத் தரமான எஸ்.எல்.எஸ். 517 குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். முழு முகத்தையும் மூடுவது புழுக்கம்தான், ஆனால் அரை ஹெல்மெட் தாடையைக் காப்பாற்றாது. கறுப்புக் கண்ணாடி மஃரிபுக்குப் பிறகு உதவாது.

கறுப்பு என்றதும் இன்னொன்று. மாலை இருட்டில் கறுப்பு அபாயாவைப் பஸ் சாரதி எங்கே காண்பார்? மாடுகள் படுத்திருக்கும் எங்கள் வீதிகளில் அவர் பார்க்க வேண்டியவை ஏற்கனவே அதிகம். நியூசிலாந்தில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், ஒளி தெறிக்கும் அல்லது பளிச்சிடும் உடை அணிந்தவர்களுக்கு விபத்துக் காயத்தின் அபாயம் 37 சதவீதம் குறைவாக இருந்தது. வீதி வேலை செய்பவர்கள் போடும் மேலங்கி ஒன்றை அபாயாவின் மேல் போடலாம். வெட்கமாக இருந்தால் ஒளி தெறிக்கும் நாடாவை முதுகில் தைத்துக்கொள்ளலாம்.

சப்பாத்தும் கையுறையும் பற்றிச் சுருக்கமாக. செருப்பு கழன்று போகும். கணுக்காலை மூடும் சப்பாத்து நல்லது. விழும்போது கைதான் முதலில் நிலத்தில் ஊன்றும். பரீட்சை எழுத வேண்டிய கை அது.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்க எங்கள் வீடுகளில் முடியாது. பெருநாள் உடுப்புக்குக் காசு ஒதுக்கும்போதே ஹெல்மெட்டுக்கும் ஒதுக்கச் சொல்லி நான் வாப்பாவிடம் கேட்டிருக்கிறேன். முதலில் ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் அளவான ஹெல்மெட். அபாயாவின் விளிம்பையும் கையையும் திருத்த ஒரு தையல் மெசினும் அரை நாளும் போதும். மற்றவை பிறகு வரட்டும். சாச்சி போன மாதம் மீண்டும் ஸ்கூட்டியை எடுத்தார். அவருடைய அபாயாவுக்கு இலாஸ்டிக் வைத்தது நான்தான்.