பனியன் ஊரில் கணினி – 9: யார் போட்ட பில் இது?

திருப்பூரில் சின்ன ஜாப் ஒர்க் யூனிட் என்றால் ஆபீஸ் அறையில் பெரும்பாலும் ஒரே கணினிதான். காலையில் டெலிவரி சலான் போடுபவர் உட்காருவார். மதியம் கணக்குப் பார்ப்பவர் டேலியைத் திறப்பார். நைட் ஷிஃப்ட் ஓடுகிற நாளில் சூப்பர்வைசர் வந்து பீஸ் கணக்கை ஏற்றுவார். கணினியைப் பொறுத்தவரை மூவரும் ஒரே ஆள்: 'அட்மின்'.

சாயப்பட்டறைக்குத் துணி ரோல் ஏற்றிய வண்டி வாசலில் நிற்கும்போது, ஒருவர் வெளியேறி இன்னொருவர் நுழைய யாருக்கும் பொறுமை இருக்காது. அந்த அவசரம் நியாயமானது. அதற்குக் கண்டுபிடித்த வழிதான் ஆபத்தானது.

அந்த வழி இதுதான். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் 'வின்லாகன்' பகுதிக்குப் போய், 'ஆட்டோ அட்மின் லாகன்' என்பதற்கு 1 என்று மதிப்புக் கொடுத்து, பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் பக்கத்திலேயே எழுதிவிடுவார்கள். அதன்பின் சுவிட்சைப் போட்டால் நேராக டெஸ்க்டாப் வந்து நிற்கும். பாஸ்வேர்ட் மறைக்கப்படாமல் வெறும் எழுத்தாகவே அங்கே கிடக்கும். மைக்ரோசாஃப்டின் 'ஆட்டோலாகன்' கருவி அதைப் பூட்டி வைக்கும் என்றாலும், கணினியை ஆன் செய்கிற எவரும் உள்ளே போகலாம் என்பது மாறாது.

பாஸ்வேர்டைத் தானே தட்டச்சு செய்யும் ஸ்கிரிப்ட் எழுதினால் என்ன? ஆட்டோஹாட்கீ போன்றவற்றில் எழுதிப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் லாகின் திரை தனியான, பாதுகாக்கப்பட்ட தளத்தில் இயங்குகிறது. ஒருவர் உள்ளே நுழைந்த பிறகு ஓடும் ஸ்கிரிப்டின் கை அங்கே எட்டாது. வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

கணினிகளுக்குப் பாஸ்வேர்ட் வந்ததே, ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்ந்துகொண்டதால்தான். 1961-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் பெர்னாண்டோ கார்பட்டோவின் குழு உருவாக்கிய சிடிஎஸ்எஸ் அமைப்பில் ஒவ்வொருவருக்கும் கணினி நேரம் அளந்து கொடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தனக்கு நேரம் போதவில்லை என்று பாஸ்வேர்ட் கோப்பை அச்சிட்டு எடுத்து, மற்றவர்கள் பெயரில் உள்ளே போனார்.

நல்ல வழி எளிதாகவே இருக்கிறது. மூவருக்கும் தனித்தனிக் கணக்கு, ஆளுக்கொரு பின் எண். நோட்பேடில் 'டிஎஸ்டிஸ்கான்' என்ற ஒரே கட்டளையை எழுதி, பேட்ச் கோப்பாக டெஸ்க்டாப்பில் வைத்துவிடலாம். இரண்டு முறை கிளிக் செய்தால், திறந்த வேலைகள் திறந்தபடியே இருக்க, திரை லாகினுக்குத் திரும்பிவிடும். விண்டோஸ் ஹோம் பதிப்பில் இந்தக் கட்டளை கிடையாது. அங்கே விண்டோஸ் விசையும் எல் விசையும் போதும். நுழைந்ததும் அவரவருக்கு வேண்டிய மென்பொருள் தானே திறக்க, டாஸ்க் ஷெட்யூலரில் ஒருமுறை சொல்லிவைத்தால் ஆயிற்று. பின் எண்ணை மட்டும் ஆள்தான் அடிக்க வேண்டும். நினைவகம் குறைந்த பழைய கணினி என்றால், ஷிஃப்ட் முடிந்து போகிறவர் முழுமையாக லாக்-ஆஃப் செய்துவிடுவது நல்லது.

ஆளுக்கொரு பெயர் ஏன் முக்கியம்? கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்களின் கணக்கு மென்பொருள், ஒவ்வொரு திருத்தத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பார்ட்னர்ஷிப் யூனிட்களை இது கட்டுப்படுத்தாது. ஆனாலும் பில் தொகை மாறியிருந்தால் யாரைக் கேட்பது என்ற கேள்வி அங்கேயும் உண்டு. டேலிக்குள்ளும் எல்லோரும் 'அட்மின்' என்றால், பதிவேடு முழுக்க அந்த ஒரு பெயர்தான் இருக்கும்.

இ-வே பில் போர்ட்டலில் இந்த ஒரே பெயர்ப் பழக்கம் இன்னும் நெருக்கடி. ஓடிபி முறை 2025 ஏப்ரல் 1 முதல் அனைவருக்கும் கட்டாயம் என்று ஜிஎஸ்டி நெட்வொர்க் அறிவித்தது. ஒரே லாகின் என்றால் ஓடிபி முதலாளியின் போனுக்குப் போகும். அவர் பையருடன் பேசிக்கொண்டிருந்தால் வண்டி நகராது. போர்ட்டலிலேயே துணைப் பயனர்களை உருவாக்கலாம். அவரவர் எண்ணுக்கே ஓடிபி வரும். எதை மட்டும் செய்யலாம் என்றும் வரையறுக்கலாம். தீபாவளி போனஸ் வாங்கியதும் கம்பெனி மாறுகிறவர்கள் இங்கே நிறைய. விலகிப் போகிறவரின் கணக்கை முடக்கவும் அதே பக்கத்தில் வசதி இருக்கிறது; சம்பளக் கணக்கு முடிக்கும் நாளிலேயே அதையும் செய்துவிட வேண்டும்.