பிரேக் டிரம்முக்குள் கல்நார்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது என்ஜின் திணறும், இறங்கும்போது பிரேக் திணறும். மே மாதக் கோடை விழா நாட்களில் அடிவாரத்தில் நின்றால் இறங்கி வரும் வண்டிகளிடமிருந்து ஒரு கருகல் வாடை வரும். பயணிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போவார்கள். அது பிரேக் லைனர் சூடேறித் தேயும் வாடை. மலைப் பாதையில் ஓடும் பேருந்து, ஜீப், காப்பி மூட்டை ஏற்றும் லாரி எல்லாவற்றுக்கும் சமவெளி வண்டிகளைவிட சீக்கிரமே லைனர் மாற்ற வேண்டியிருக்கும். மாற்றுகிறவர்களுடைய நுரையீரலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒரு பட்டறைக் காட்சி. சக்கரத்தைக் கழற்றி டிரம்மை இழுத்ததும் உள்ளே பிரேக் ஷூவைச் சுற்றிக் கருஞ்சாம்பல் நிறத்தில் தூசி அப்பியிருக்கும். "ஊதி விடுறா" என்பார் மேஸ்திரி. பையன் கம்ப்ரஸர் குழாயை எடுத்து ஓர் அடி அடிப்பான். புகை மாதிரி எழும்பும். தகரக் கூரையின் ஓட்டை வழியே விழும் வெயில் கீற்றில் துகள்கள் மிதந்துகொண்டே இருக்கும். பக்கத்து ஸ்டூலில் மூடாத டீ கிளாஸ். அரை நிமிடத்தில் டிரம் பளிச்சென்று ஆகிவிடும். அந்தத் தூசி எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை.

நாராகப் பிரியும் கல்

ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார், மண்ணுக்கடியில் கிடைக்கும் கனிமம். பஞ்சு போல நாராகப் பிரியும், தீப்பிடிக்காது, உராய்வைத் தாங்கும், விலையும் மலிவு. பிரேக் லைனருக்கும் கிளட்ச் பிளேட்டுக்கும் கேஸ்கெட்டுக்கும் இதைவிடத் தோதான பொருள் இல்லை என்று உலகமே நம்பிய காலம் ஒன்று இருந்தது. பழைய லைனர்களின் எடையில் ஏறக்குறைய பாதி கல்நாராகவே இருந்ததுண்டு.

இந்த நார் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்து உடையும். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலின் ஆழத்தில் தைத்துக்கொண்டு நின்றுவிடும். உடலால் அதைக் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. அதைச் சுற்றித் தழும்பு படிந்து நுரையீரல் விறைப்பதுதான் ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரல் புற்றுநோயும், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்னும் கொடிய புற்றுநோயும் இதே நாரால் வருபவை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கல்நாரின் எல்லா வகைகளையும் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. 'வெள்ளைக் கல்நார் ஒன்றும் செய்யாது' என்று வியாபாரிகள் சொல்வதை நம்ப வேண்டாம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2005-க்குள் இதை முழுவதுமாகத் தடை செய்துவிட்டது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் முகமை 2024 மார்ச்சில் வெள்ளைக் கல்நாருக்குத் தடை விதித்தபோது வாகன பிரேக் லைனிங்கையும் பெயர் சொல்லியே சேர்த்தது. இந்தியாவில் தடை இல்லை. ரஷ்யா, கஜகஸ்தான், பிரேசில் நாடுகளிலிருந்து வரும் கல்நாரில் பெரும்பங்கு கூரை ஷீட்டுக்குப் போகிறது. கல்நார் இல்லாத லைனர்களைப் பெரிய நிறுவனங்கள் செய்து விற்கின்றன, உண்மைதான். ஆனால் பெயர் தெரியாத மலிவு லைனரிலும் பழைய வண்டியில் ஏற்கெனவே இருக்கும் லைனரிலும் என்ன இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தெரியாதவரை இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எந்த வேலையில் ஆபத்து கூடுதல்

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பிரேக் பிடிக்கும்போது உண்டாகும் கடும் சூட்டில் கல்நாரின் பெரும்பகுதி வேறொரு கனிமமாக மாறிவிடுகிறது. அதனால் தேய்ந்த தூசியில் நார் குறைவாகவே இருக்கும் என்பது பல ஆய்வுகளின் முடிவு. மெக்கானிக்குகளுக்கு எந்த அளவு புற்றுநோய் கூடுகிறது என்பதிலும் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

ஆனால் லைனர் ஒட்டும் பட்டறையின் கதை வேறு. அங்கே புது லைனரைத் துளைக்கிறார்கள், ஷூவில் வைத்து ரிவெட் அடிக்கிறார்கள், டிரம்முக்குப் பொருந்தும்படி கிரைண்டரில் அரைக்கிறார்கள், ஓரத்தை உப்புத்தாளால் தேய்க்கிறார்கள். அந்த லைனர் இன்னும் ஒருமுறைகூடச் சூடேறியிருக்காது. அதிலிருந்து பறப்பது உருமாறாத நார். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நாள் முழுக்க இந்த வேலை செய்கிறவரைப் பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை.

இன்னொருவரும் இருக்கிறார். இரவில் அந்தச் சட்டையை உதறித் துவைக்கும் மனைவி அல்லது தாய். கல்நார் வேலைக்கே போகாமல், வேலைக்குப் போனவரின் துணியைத் துவைத்ததால் மீசோதீலியோமா வந்த பெண்களை உலக மருத்துவம் பதிவு செய்திருக்கிறது.

"மலைக் குளிரு, அதான் இளைப்பு"

நார் உள்ளே போன அன்று ஒன்றும் தெரியாது. 10 ஆண்டு, 20 ஆண்டு, சிலருக்கு 40 ஆண்டும் கழித்துத்தான் நோய் தலைகாட்டும். மேடேறினால் மூச்சு வாங்கும். வறட்டு இருமல் விடாது. நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும். சிலருக்கு விரல் நுனி தடித்து உருண்டுவிடும். ஏற்காட்டில் இப்படி வந்தால் பனியின் மீது பழி போடுவார்கள், இல்லையென்றால் வயசின் மீது. டாக்டரிடம் போனால் பல நேரம் டிபி அல்லது நாள்பட்ட சளி என்று சீட்டில் எழுதி முடித்துவிடுவார்கள்.

இது என் ஊகமல்ல. மும்பையில் கல்நார்ப் பொருட்கள் செய்த ஓர் ஆலையின் தொழிலாளர்களை ஆராய்ந்து 2005-ல் வெளியான மருத்துவக் கட்டுரை ஒன்று, பரிசோதிக்கப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஆஸ்பெஸ்டோசிஸ் இருந்ததைக் கண்டது. இந்தியாவில் கல்நாரோடு புழங்கும் தொழிலாளர்கள் சுமார் ஒரு லட்சம் பேர் என்றும், இழப்பீடு பெற்றவர்கள் 30 பேர்கூட இல்லை என்றும் அது எழுதியது. அதற்கு அது சொன்ன காரணங்களில் ஒன்று, ஆஸ்பெஸ்டோசிஸை டிபி என்றும் மூச்சுக்குழல் அழற்சி என்றும் மருத்துவர்கள் எழுதிவிடுவது.

ஆகவே டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "ஐயா, நான் 18 வருஷமா பிரேக் லைனர் வேலை பாக்குறேன், கம்ப்ரஸர் போட்டு ஊதுவோம்." இந்த ஒரு வாக்கியம் சீட்டில் ஏறினால் பரிசோதனையின் திசையே மாறும். மார்பு எக்ஸ்-ரே, தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன், நுரையீரல் ஊதும் பரிசோதனை ஆகியவற்றுக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். தழும்பு விழுந்த நுரையீரலைப் பழையபடி ஆக்கும் மருந்து இல்லை. தூசியை விட்டு விலகுவதும் பீடி சிகரெட்டை விடுவதும்தான் வழி. கல்நாரும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோயின் வாய்ப்பு பல மடங்காகிறது.

தண்ணீர் போதும்

பெரிய செலவு வேண்டாம். டிரம்மைத் திறந்ததும், ஷூவைத் தொடும் முன், சோப்பு கலந்த தண்ணீரைக் கைத்தெளிப்பானால் மெதுவாகத் தெளித்து, ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். கொதிக்கும் டிரம்மில் தெளித்தால் விரிசல் விடும், ஆறவிட்டே தெளிக்க வேண்டும். கம்ப்ரஸரால் ஊதுவதையும் காய்ந்த பிரஷ்ஷால் தட்டுவதையும் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி தடுத்தே இருக்கிறது. துடைத்த துணியை ஈரத்தோடு பையில் கட்டிப் போடுங்கள். முகத்தில் கட்டும் கைக்குட்டையால் பயனில்லை, நார் அதன் வழியே நுழைந்துவிடும். நுண்துகள் வடிகட்டும் முகமூடி வேண்டும். டீயும் சாப்பாடும் வெளியே. வேலைச் சட்டை பட்டறையிலேயே இருக்கட்டும்.

ஓட்டுநர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். என்ஜின் வண்டியைப் பிடித்துக்கொண்டால் லைனரும் குறைவாகத் தேயும், தூசியும் குறையும்.

சட்டம் எதைத் தருகிறது

1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கு அது. தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்றது நீதிமன்றம். கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றது. நோய் உறுதியானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடும் விதித்தது. 2011-ல் முழுத் தடை கேட்டு வந்த வழக்கைத் தள்ளுபடி செய்தபோதும் இந்த வழிகாட்டுதல்களை நீதிமன்றம் கைவிடவில்லை.

இனி நடைமுறை. 1923-ன் இழப்பீட்டுச் சட்டமும் 1948-ன் இ.எஸ்.ஐ. சட்டமும் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் வந்திருக்கின்றன. அது 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தது. ஆஸ்பெஸ்டோசிஸும், கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோயும், மீசோதீலியோமாவும் அதன் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் உள்ள நோய், வேலையில் நேர்ந்த விபத்துக்குச் சமம்.

பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் பட்டறை என்றால், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் இ.எஸ்.ஐ.க்குள் வருவார். நிரந்தர ஊனத்துக்கு மாதாந்திரத் தொகையும், இறந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகையும் அதிலிருந்து கிடைக்கும். இ.எஸ்.ஐ. இல்லாத சிறு பட்டறை என்றால் இழப்பீடு தர வேண்டியவர் முதலாளி. "நாலு பேர்தான் வேலை, சட்டம் பொருந்தாது" என்று யாராவது சொன்னால் ஏமாற வேண்டாம். மின்சாரத்தில் இயந்திரம் ஓடும் பழுதுபார்ப்புப் பட்டறைக்கு ஆள் கணக்கு பார்க்காமலே இழப்பீட்டுச் சட்டம் பொருந்தி வந்திருக்கிறது. இதில் எனக்கு மிகப் பிடித்த பிரிவு ஒன்று உண்டு. ஆஸ்பெஸ்டோசிஸ் போன்ற மெதுவாக வரும் நோய்க்கு, அந்தத் தொழிலில் வேலை கொடுத்த எல்லா முதலாளிகளும் பங்கு போட்டு இழப்பீடு தர வேண்டும் என்கிறது அது. ஏற்காட்டில் இரண்டு வருஷம், அயோத்தியாப்பட்டணத்தில் ஐந்து வருஷம், சங்ககிரியில் பத்து வருஷம் என்று மாறி மாறி வேலை பார்த்தவருக்கென்றே எழுதியது போல இருக்கிறது.

மனு போக வேண்டியது சேலத்திலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு. பழைய சட்டத்தில் கெடு இரண்டு ஆண்டுகள். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை ஏற்கும் அதிகாரமும் உண்டு. அதை நம்பி உட்காராமல் நோய் உறுதியான வாரமே தொடங்கிவிட வேண்டும். லைனரைத் தயாரித்தவர் மீது 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பொருள் பொறுப்பு வழக்கும் போடலாம். தன் பிழைப்புக்காகச் சொந்தமாகப் பட்டறை வைத்து லைனர் வாங்குகிறவர் நுகர்வோர்தான். ஆனால் தயாரிப்பாளர் முதலாளியிடம் எச்சரிக்கையைத் தந்திருந்தால், எச்சரிக்கவில்லை என்று அவர் மீது வழக்கு நிற்காது. எனவே பெட்டியில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பதைப் படம் எடுத்து வையுங்கள்.

வக்கீல் கட்டணத்தை நினைத்துப் பின்வாங்க வேண்டாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் சட்ட உதவி இலவசம். சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி இளைஞர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சட்ட உதவித் தொலைபேசி எண் 15100. ஓட்டுநர்களுக்கும் வாகனப் பழுதுபார்க்கும் தொழிலாளர்களுக்குமான தமிழக அரசின் நல வாரியம் ஒன்றும் இருக்கிறது. அதில் பதிந்தால் கிடைக்கும் அட்டை, நீங்கள் இந்தத் தொழிலில் இருந்ததற்குச் சாட்சி.

காகிதம்

இழப்பீடு கிடைக்க எத்தனை ஆண்டு ஆகும் என்பதற்கு நம் தமிழக மலை ஒன்றிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை பாதரசக் கழிவுப் பிரச்சினையால் 2001-ல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு 2016 மார்ச்சில்தான் கையெழுத்தானது. 15 ஆண்டுகள். அங்கே ஒரே ஆலை, ஒரே நிர்வாகம். அவர்கள் சங்கமாகவும் நின்றார்கள். பட்டறைத் தொழிலாளிக்கு அது எதுவும் இல்லை. சம்பளம் கையில், வருகைப் பதிவேடு கிடையாது, 25 ஆண்டு கழித்து நோய் வரும்போது பட்டறையே இருக்காது.

ஆகவே ஒரு நோட்டு வாங்குங்கள். எந்தப் பட்டறை, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, முதலாளி யார், கூட வேலை பார்த்தவர் யார், எந்தக் கம்பெனி லைனர் என்று எழுதுங்கள். லைனர் பில்லையும் எக்ஸ்-ரேயையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் அதனோடு வைத்து, வீட்டில் இருப்பவரிடமும் இடத்தைச் சொல்லி வையுங்கள்.

வண்டிக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மலையிறங்கி வந்து பிரேக் பார்க்க வண்டியை விடும்போது அவசரப்படுத்தாதீர்கள். டிரம் ஆறட்டும். தண்ணீர் தெளித்துத் துடைக்கச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் அரை மணி நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள்.