மறைந்தோடும் மேனிஃபோல்டு

இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் பிரதேசத்தில், ஹல்ம் எண்டு என்னும் சிற்றூரிலிருந்து, 1904 முதல் 1934 வரை சிறு ரயில் ஓடிப் பின்னர் நடைபாதையாக மாறிய தடத்தில், மேனிஃபோல்டு நதியைத் துணையாகக் கொண்டு கோடைகாலத்தில் தெற்கே நடப்பவர், வெட்டன் மில்லைக் கடந்த சிறிது தூரத்தில் அத்துணையை இழந்துவிடுவார். இரு மருங்கிலும் மரமடர்ந்த சரிவுகள் அப்படியே இருக்க, ஆற்றின் ஸ்தானத்தில் உருண்டைக் கற்களும் அவற்றினூடே செழித்த அகலமான இலைகளுமே எஞ்சியிருக்கும்.

நதி வற்றிவிடவில்லை, கீழே இறங்கிவிட்டது. உற்பத்தி ஸ்தானத்தருகே நீர் புகாத களிப்பாறைமீதும் மணற்பாறைமீதும் ஓடிவரும் அது, இங்கே சுண்ணாம்புப் பாறைக்குள் பிரவேசிக்கிறது. சுமார் 33 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற உஷ்ணக் கடலில் வாழ்ந்த ஜீவராசிகளின் ஓடுகள் படிந்து இறுகிய அந்தப் பாறை, தூய நீருக்கு எளிதில் கரைவதன்று. ஆனால் மழைநீர் ஆகாயத்திலும், அதைவிட மிகுதியாக மரவேர்கள் நிறைந்த மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கிரகித்து மெல்லிய அமிலமாகிவிடுவதால், பாறையின் வெடிப்புகளைச் சிறிது சிறிதாக அரித்து, யுகக்கணக்கில் வாய்க்கால்களாக்கிவிடுகிறது. மாரிக்கால வெள்ளத்தை அவ்வழிகள் முழுதும் விழுங்க இயலாமையால், அப்போது மட்டும் மேலேயும் ஆறு ஓடும். பள்ளத்தாக்கின் அடித்தளத்திலிருந்து சுமார் 80 மீட்டர் உயரத்தில் வாய் பிளந்து நிற்கும் தோர் குகையும், நிலத்தடி நீர்மட்டம் உயரத்தில் இருந்த பண்டைக் காலத்தில் நீர் குடைந்ததே.

மறைந்த நீர் பல கிலோமீட்டர் கடந்து ஐலம் மாளிகைத் தோட்டத்தில் பொங்கி எழுகிறது. 1777-இல் அங்கு வந்த அகராதி ஆசிரியர் டாக்டர் ஜான்ஸன், இரண்டும் ஒரே நதி என்பதை நம்ப மறுத்தார். நதி புதையுமிடத்தில் தக்கைகளைப் போட்டு, வெளிப்படுமிடத்தில் வலையில் பிடித்ததாகத் தோட்டக்காரர் சொன்ன சாட்சியமும் அவரை அசைக்கவில்லை என்று ஜான்ஸனின் சரிதையாசிரியர் பாஸ்வெல் எழுதிவைத்திருக்கிறார். தக்கைகள் அத்தனை தூரம் தப்பி வந்தனவா என்பது இருக்கட்டும். நீருக்கு அடையாளமிட்டுப் பின்தொடரும் யுக்தியில் தோட்டக்காரர்தாம் விஞ்ஞானி என்பேன்.

சரியாக நூறாண்டுகள் கழித்து, ஜெர்மனியில் டான்யூப் நதி புதையுமிடத்தில் பத்துக் கிலோ ஃப்ளுரசீன் சாயத்தைக் கரைத்தார்கள். ஏறக்குறைய இரண்டரை நாளில், 12 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஆக் ஊற்று பச்சையாகப் பொங்கி, கருங்கடலுக்குப் போகவேண்டிய டான்யூப் நீர் ரைன் நதிக்குக் களவாகப் போய்க்கொண்டிருப்பதை அம்பலப்படுத்தியது.