மெய்நிகர் மேசைத்தளப் புகுபதிகை

மெய்நிகர் மேசைத்தளப் புகுபதிகை என்பது, தரவு மையத்தின் வழங்கியில் இயங்கும் மேசைத்தளம் ஒன்றினுள் பயனர் வலையமைப்பு வழியாக நுழையும் செயற்பாடு ஆகும். கடவுச்சொல்லை இட்டதிலிருந்து மேசைத்தளம் பயன்பாட்டுக்கு வரும்வரையான காலம் புகுபதிகை நேரம் எனப்படுகின்றது. வழங்கி வேகமானதாக இருப்பினும், பயனரின் கோப்புகள் வந்து சேரும் முறையைப் பொறுத்து இந்நேரம் நீளக்கூடும்.

படிநிலைகள்

விண்டோஸ் இயங்குதளத்தில் முதலில் பயனரின் அடையாளம் சரிபார்க்கப்படும். பின்னர் அவரது ஆவணங்களும் விருப்பத்தேர்வுகளும் அடங்கிய பயனர் சுயவிவரம் ஏற்றப்படும். அதன்பின் நிறுவனத்தின் குழுக் கொள்கைகளும் புகுபதிகை நிரல்களும் செயற்படுத்தப்பட்டு, மேசைத்தளம் தோன்றும்.

தாமதத்தின் காரணங்கள்

தனியாள் கணினியில் சுயவிவரம் அதன் வன்தட்டிலேயே இருக்கும். நிலையற்ற மெய்நிகர் மேசைத்தளமோ பயனர் வெளியேறியதும் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். விண்டோஸ் என்டி காலத்தில் அறிமுகமான அலையும் சுயவிவர முறையில், கோப்பு வழங்கியிலிருந்து சுயவிவரம் நகலெடுக்கப்படுகின்றது. முன்னைய நகல் கணினியில் இருந்தால் மாறிய கோப்புகள் மட்டும் வந்தால் போதும்; நிலையற்ற மேசைத்தளத்தில் அந்நகல் இல்லாததால் ஒவ்வொரு முறையும் அனைத்தும் வரவேண்டும். ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே திறந்து மூட வேண்டியிருப்பதால், ஒரே அளவுள்ள ஒரு பெரிய கோப்பைவிட ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் கூடுதல் நேரம் எடுக்கும். காலையில் பணியாளர் பலர் ஒரே வேளையில் நுழையும்போது இத்தாமதம் பெருகும்.

விரைவுபடுத்தும் முறைகள்

• கோப்புறைத் திசைமாற்றம்: ஆவணங்கள் வழங்கியிலேயே இருக்க, தேவையானபோது மட்டும் படிக்கப்படும். இவ்வசதி விண்டோஸ் 2000 முதல் உள்ளது.
• சுயவிவரக் கொள்கலன்: சுயவிவரம் முழுவதும் ஒரே மெய்நிகர் வட்டுக் கோப்பில் வைக்கப்பட்டு, புகுபதிகையின்போது இணைக்கப்படும். நகலெடுத்தல் இல்லை, படிக்கப்படும் பகுதிகள் மட்டுமே வலையமைப்பைக் கடக்கும். இம்முறையைக் கையாண்ட எஃப்எஸ்லாஜிக்ஸ் நிறுவனத்தை மைக்ரோசாப்ட் 2018 இல் வாங்கியது.
• நிரல் குறைப்பு: தேவையற்ற புகுபதிகை நிரல்களையும் அச்சுப்பொறி இணைப்புகளையும் நீக்குதல்.
• முன்னியக்கம்: பணி நேரத்துக்கு முன்பே மெய்நிகர் கணினிகளை இயக்கி வைத்தல்.

குறைபாடுகள்

கொள்கலன் கோப்பு பழுதடைந்தால் பயனரின் அமைப்புகள் அனைத்தும் ஒருங்கே இழக்கப்படலாம். எனவே காப்புநகல் இன்றியமையாதது. சேமிப்பக வழங்கியை அணுக முடியாதபோது பயனருக்குத் தற்காலிகச் சுயவிவரம் கிடைக்கக்கூடும். அதில் அவர் சேமித்தவை வெளியேறும்போது அழிந்துவிடும். சேமிப்பகம் மேசைத்தள வழங்கிக்குத் தொலைவில் இருப்பின், கொள்கலனால் கிடைக்கும் வேகமும் குறையும்.